விண்டோஸ் ஃப்ரீ, லினக்ஸ் ஃப்ரீ... இரண்டும் பொய்க்கணக்கு!

டிஸ்கி: எந்த ஓஎஸ் உசத்தி என்று அடித்துக்கொள்ளும் பதிவு இல்லை இது. என் பொட்டியில் இரண்டும் இருக்கிறது. இரண்டு பக்கத்து ரசிகர்களும் திட்டப்போகிறார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

போன வாரம் காலேஜ் பஸ்ஸில் ஒரு வாக்குவாதம். செம்பரம்பாக்கம் தாண்டி தண்டலம் வருகிற வரைக்கும் ஓடியது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற நண்பன் ஒருவன், "லினக்ஸ் ஃப்ரீடா மச்சி, எதுக்குடா காசு கொடுத்து விண்டோஸ் வாங்குறீங்க?" என்றான். எங்கள் பி.காம். கூட்டத்தில் இருந்து உடனே பதில் வந்தது: "யாருடா காசு கொடுத்தா? லேப்டாப் வாங்கினா விண்டோஸ் ஃப்ரீயாதான் வருது."

அங்கேயே விவாதம் முடிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் தான் ஜெயித்துவிட்டதாக நினைப்பு. எனக்குத்தான் வயிற்றெரிச்சல். கம்ப்யூட்டர் படிக்கிறவன் அப்படிச் சொன்னால் மன்னிக்கலாம். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் எழுதிவிட்டு வந்த நாம் எப்படி இதைச் சொல்கிறோம்? ஒரு லேத் மெஷின் வாங்கினால் விலை, ஃபிட்டிங் கூலி, பராமரிப்பு, ஆயுள், கடைசியில் கிடைக்கும் ஸ்கிராப் மதிப்பு என்று எல்லாவற்றையும் கூட்டிப் போடச் சொல்லித் தருகிறார்கள். அதே ஆள் கம்ப்யூட்டர் வாங்கும்போது அட்டைப்பெட்டி மேல் ஒட்டியிருக்கும் விலையோடு நின்றுவிடுகிறான்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஓஎஸ்ஸின் உண்மையான விலை வாங்கும்போது தெரியாது. அது கெட்டுப்போகும்போது யார் வந்து சரி செய்வார்கள், பிடிக்காமல் போனால் அதை விட்டு வெளியே வர எவ்வளவு ஆகும், இந்த இரண்டு கேள்விக்கான பதில்தான் விலை. மற்றதெல்லாம் விளம்பரம்.

சாஃப்ட்வேருக்கு விலை உண்டு என்று நம்ம ஊருக்குத் தெரியாதா?

"விண்டோஸ் ஃப்ரீயா வருது" என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். லேப்டாப் கம்பெனி ஒவ்வொரு மெஷினுக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கு லைசென்ஸ் காசு கட்டுகிறது. அது லேப்டாப் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. பில்லில் தனி வரியாகக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். தனியாகக் காட்டாததால் செலவு இல்லை என்று சொன்னால், ஹோட்டல் சாப்பாட்டில் உப்பு ஃப்ரீ என்று சொல்வது மாதிரி.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நோக்கியா ஞாபகம் இருக்கிறதா? 2006-ல் இங்கே தொழிற்சாலை தொடங்கினார்கள். உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். 2013 ஜனவரியில் வருமான வரித்துறை சோதனைக்கு வந்தது. பிரச்சினை என்ன தெரியுமா? போன் இல்லை, போனுக்குள் ஏற்றப்படும் சாஃப்ட்வேர்! அந்த சாஃப்ட்வேருக்காக இந்தியக் கம்பெனி ஃபின்லாந்தில் இருக்கும் தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய பணம் ராயல்ட்டி, அதற்கு டிடிஎஸ் பிடித்திருக்க வேண்டும் என்றது துறை. 1961 வருமான வரிச் சட்டத்தின் 195-ஆம் பிரிவு. நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அதே பிரிவு. கேட்ட தொகை சுமார் 2,080 கோடி ரூபாய்.

அந்த வழக்கு இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நோக்கியாவின் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2014 ஏப்ரலில் கைமாறியபோது, வரிச் சிக்கலால் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை மட்டும் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றது. மைக்ரோசாஃப்ட்டும் இங்கிருந்து போன் வாங்குவதை நிறுத்த, 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. பிறகு 2018-ல் வரிப் பிரச்சினையைப் பேசித் தீர்த்தார்கள். அதற்குள் வேலை செய்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்பது வேறு பதிவுக்கான விஷயம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சாஃப்ட்வேருக்குப் பெரிய விலை உண்டு என்பதை இந்த ரோட்டில் இருக்கிற நாம்தான் முதலில் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒரே மாத்திரை, மூன்று விலை

அடுத்து, ஆயுள். கம்பெனிச் சட்டம் லேப்டாப்புக்கு 3 வருடம் ஆயுள் என்கிறது. வருமான வரியில் 40 சதவீதம் தேய்மானம். அதெல்லாம் புத்தகத்தில். நம் வீடுகளில் ஒரு லேப்டாப் அண்ணனிடம் இருந்து தம்பிக்கு, தம்பியிடம் இருந்து மாமா பையனுக்கு என்று 8, 10 வருடம் ஓடும். அந்த ஆயுளை யார் தீர்மானிக்கிறார்கள்?

விண்டோஸ் எக்ஸ்பிக்கு சப்போர்ட் 2014 ஏப்ரல் 8-ல் முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. சரி, 11-க்கு மாறிக்கொள்ளலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறை பிராசசர் முதல்தான். பழைய மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மெஷின் சாகவில்லை, ஆனால் இறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது!

"இல்லை, நான் பத்திலேயே இருக்கேன், பாதுகாப்பு அப்டேட் மட்டும் கொடுங்க" என்று கேட்டால் கொடுப்பார்கள். இங்கேதான் வேடிக்கை. கம்பெனிகளுக்கு ஒரு மெஷினுக்கு முதல் வருடம் 61 டாலர். ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பு. அதாவது 61, 122, 244. மூன்று வருடத்துக்கு 427 டாலர். டாலரை 85 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 36,295 ரூபாய். ஒரகடத்தில் பத்து கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சின்ன உதிரிபாகக் கம்பெனிக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல். அந்தக் காசுக்குப் பத்து புது லேப்டாப்பே வந்துவிடும். அதுதானே அவர்களுக்கும் வேண்டும்.

வீட்டு உபயோகத்துக்கு? ஒரு வருடத்துக்கு 30 டாலர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பேக்கப் போட ஒப்புக்கொண்டால் சும்மாவே, 2026 அக்டோபர் 13 வரை. பள்ளி, கல்லூரிகளுக்கு? முதல் வருடம் ஒரு டாலர், அடுத்து 2, அடுத்து 4.

கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள் மக்களே. அப்டேட் ஒன்றேதான். அதைத் தயாரிக்க ஆகும் செலவும் ஒன்றேதான். ஒருவருக்கு 61 டாலர், ஒருவருக்கு சும்மா, ஒருவருக்கு 1 டாலர். எகனாமிக்ஸ் வகுப்பில் 'விலைப் பாகுபாடு' என்று படித்தோமே, பாடப்புத்தக உதாரணம் இதுதான். அடக்கவிலைக்கும் இந்த விலைக்கும் சம்பந்தமில்லை. உன்னால் விட்டுவிட்டுப் போக முடியாது என்று எவ்வளவு உறுதியாகத் தெரிகிறதோ, அவ்வளவு விலை. கம்பெனியால் போக முடியாது, அதனால் 61. மாணவனை இப்போது பிடித்து வைத்தால் நாளைக்கு அவன் வேலை செய்யும் கம்பெனி 61 கட்டும், அதனால் 1.

"அப்டேட் இல்லாட்டி என்னடா ஆயிடும், நான் பல வருஷமா போட்டதே இல்ல" என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். 2017 மே மாதம் 'வானாகிரை' தாக்கியபோது அந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகள் ஆபரேஷன்களைத் தள்ளிவைத்தன. நம்ம பக்கத்தில் திருப்பதி தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்கள்கூட தப்பவில்லை.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. செமஸ்டர் லீவில் ஒரு கணக்கு ஆபீஸில் வேலை பழகப் போனேன். அங்கே எல்லா மெஷினிலும் கிராக் செய்த விண்டோஸ். போட்டுக் கொடுத்தவர் அப்டேட்டை அணைத்துவிட்டுத்தான் போயிருந்தார், ஆன் செய்தால் கிராக் போய்விடுமாம். மாதம் 18-ஆம் தேதி வைரஸ் புகுந்து ஃபைலெல்லாம் திறக்காமல் போனது. ஜிஎஸ்டிஆர்-3பி கடைசித் தேதி 20. இரண்டு ராத்திரி உட்கார்ந்து பில்லை எல்லாம் மறுபடி டைப் அடித்தோம். ஆறு கிளையண்டுக்கு தேதி தாண்டிவிட்டது. ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி. அதில் ஒருவர் ஃபைலை எடுத்துக்கொண்டு வேறு ஆபீஸுக்குப் போய்விட்டார். அந்த ஆபீஸ் கணக்குப் புத்தகத்தில் 'ஓஎஸ் செலவு: இல்லை' என்றுதான் இன்றைக்கும் இருக்கும்.

லினக்ஸ்காரர்களுக்கும் கொஞ்சம்

விண்டோஸ்காரர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்து சிரிக்கும் லினக்ஸ் நண்பர்களே, இருங்கள். உங்கள் கணக்கும் சுத்தம் இல்லை.

கேரளத்தில் பள்ளிகள் முழுக்க லினக்ஸ் என்பது உங்களுக்கு வேதவாக்கு. 2019-ல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி கம்ப்யூட்டர்களுக்கு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட புது வெர்ஷன் போகிறது, இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அறிவித்தார்கள். வகுத்துப் பாருங்கள். ஒரு மெஷினுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்! எந்தப் பள்ளிக்கூடம் ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்றரை லட்சத்துக்கு சாஃப்ட்வேர் வாங்கும்? உள்ளே இருக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் இணையான காசு மென்பொருளின் முழு விலையைக் கூட்டினால்தான் அப்படி வரும். வாங்கியே இருக்காத பொருளை வாங்காமல் விட்டதால் மிச்சம் என்று காட்டுவது, 'நேத்து நகைக்கடை பக்கம் போகல, அஞ்சு லட்சம் மிச்சம்' என்று சொல்வது போல. கேரளம் செய்தது நல்ல காரியம்தான். ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்கு இந்தக் கணக்கு தேவையே இல்லை.

எதிர்ப்பக்கமும் யோக்கியம் இல்லை. 2004-ல் மைக்ரோசாஃப்ட் 'உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள்' என்ற தோரணையில் ஒரு பிரச்சாரம் நடத்தியது. மொத்தச் செலவு பார்த்தால் லினக்ஸ்தான் அதிகம் என்று. அதில் ஒரு விளம்பரத்தில் விண்டோஸை சாதாரண சர்வரிலும், லினக்ஸை விலை அதிகமான ஐபிஎம் மெயின்ஃபிரேமிலும் ஓட்டி ஒப்பிட்டிருந்தார்கள். மாட்டு வண்டி வாடகையையும் ஏசி பஸ் வாடகையையும் வைத்து டிரைவர் கூலியை ஒப்பிடுவது மாதிரி. அதே வருடம் பிரிட்டனின் விளம்பர ஒழுங்குமுறை அமைப்பு அது தவறாக வழிநடத்துகிறது என்று தீர்ப்பு சொன்னது.

லினக்ஸ் சப்போர்ட்டும் சும்மா கிடைப்பதில்லை. ரெட் ஹாட் என்ற கம்பெனி விற்பதே சப்போர்ட் சந்தாவைத்தான். அந்தக் கம்பெனியை ஐபிஎம் 2019-ல் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இனாமாகக் கிடைக்கும் பொருளுக்கு எந்த முதலாளியாவது அவ்வளவு கொடுப்பானா?

லினக்ஸிலும் தேதியை மாற்றி கழுத்தறுப்பது உண்டு. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை அப்டேட் என்று சொல்லியிருந்தார்கள். 2020 டிசம்பரில், 2021 கடைசியோடு முடிகிறது என்று அறிவித்தார்கள். அதை நம்பி சர்வர் போட்டவர்கள் தலையில் துண்டு.

ஆனால், இதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 2021-லேயே அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று இரண்டு பேர் 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று வந்து நின்றார்கள். மூலநிரல் திறந்திருப்பதால் யார் வேண்டுமானாலும் கடையை எடுத்து நடத்தலாம். விண்டோஸ் 10-க்கு அப்படி ஒருவர் வர முடியுமா? முடியாது. பூட்டுக்கு ஒரே சாவி, அது ஒருவர் இடுப்பில். விலை இரண்டிலும் இருக்கிறது, கைவிடுவது இரண்டிலும் நடக்கிறது. கைவிட்டபின் வேறு ஆள் தேட முடியுமா என்பதில்தான் வித்தியாசம். எனக்குத் தெரிந்து லினக்ஸுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய நேர்மையான ஒரே பொருளாதாரக் காரணம் இதுதான். 'ஃப்ரீ' என்பது இல்லவே இல்லை.

தண்டலத்தில் சப்போர்ட் என்றால் யார்?

சரி, வேறு ஆளைத் தேடலாம். அந்த ஆள் நம்ம ஊரில் இருக்கிறாரா?

பெங்களூர் ஹைவேயை ஒட்டி நாங்கள் எல்லோரும் போகிற ஒரு கம்ப்யூட்டர் கடை உண்டு. பத்துக்கு எட்டு அறை. அந்த அண்ணனிடம் விண்டோஸ் போட 500 ரூபாய். டேட்டா காப்பாற்ற வேண்டும் என்றால் கூட 300. ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். ஒரு நாள், "அண்ணே, லினக்ஸ்ல பிரிண்டர் வேலை செய்யல, பாக்கறீங்களா?" என்றேன். "அதெல்லாம் நான் தொட்டதில்ல தம்பி. விண்டோஸ் போட்டுடவா?" என்றார்.

தப்பு அவர் மேல் இல்லை. அவருக்கு வருவது நூறு பேர் என்றால் நூறும் விண்டோஸ். லினக்ஸ் கற்றுக்கொள்ள அவர் ஒரு மாதம் செலவழித்தால் அந்தக் கூலியை யார் கொடுப்பது?

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. விண்டோஸுக்கு நல்ல சப்போர்ட் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோமே, நம்மில் யாராவது மைக்ரோசாஃப்ட்டுக்கு போன் செய்து உதவி வாங்கியிருக்கிறோமா? நம்ம ஊரில் விண்டோஸுக்கு சப்போர்ட் அந்தப் பத்துக்கு எட்டு அறையில் இருக்கும் அண்ணன். அவருக்குச் சம்பளம் கொடுப்பது நாம். கற்றுக்கொண்டது அவர் சொந்த முயற்சியில். மைக்ரோசாஃப்ட்டுக்கு இதில் காலணா செலவில்லை. தமிழ்நாடு முழுக்க ஊருக்கு ஊர் இருக்கும் இந்த அண்ணன்கள்தான் விண்டோஸின் பெரிய சொத்து. அது எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது. லினக்ஸுக்கு இல்லாததும் அதுதான்.

அதைப் பணம் செலவழித்து உருவாக்க முடியும். கேரளம் அதைத்தான் செய்தது. சாஃப்ட்வேரை இறக்கியதோடு விடாமல் ஆசிரியர்களுக்கு வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள், மாஸ்டர் டிரெயினர்களை வைத்தார்கள், பள்ளிக்கு ஒரு ஆசிரியரை ஐடி பொறுப்பாளராகப் போட்டார்கள், பத்தாம் வகுப்பு ஐடி தேர்வையே லினக்ஸில் வைத்தார்கள். அதனால் அங்கே பொட்டி நின்றுபோனால் கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கிறார். 3,000 கோடி கதையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லுங்கள் லினக்ஸ் நண்பர்களே, அதில்தான் சாதனை இருக்கிறது.

நாம் செய்ததும் செய்யாததும்

தமிழ்நாடு சளைத்தது இல்லை. சொல்லப்போனால் நாமும் சீக்கிரமே ஆரம்பித்தோம். 2006-ல் உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபிஸுக்கும் மாற்றினார். பள்ளிகளுக்கு வாங்கிய கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ் போனது. அவர் அங்கிருந்து போனபின் வேகமும் போய்விட்டது. ஒரு அதிகாரியின் ஆர்வத்தில் ஓடிய வண்டி, டிரைவர் இறங்கியதும் நின்றுவிட்டது.

2011 செப்டம்பர் 15-ல் இலவச லேப்டாப் திட்டம். எங்கள் பெரியம்மா பொண்ணு அக்காவுக்கு ஆரம்ப வருடங்களில் கிடைத்தது. ஆன் செய்தால் இரண்டு பெயர் வரும். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், டெஸ்க்டாப் படத்தைக்கூட மாற்ற விடாத பதிப்பு. இன்னொன்று பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், சுருக்கமாக 'பாஸ்'. சென்னை சி-டாக் உருவாக்கிய லினக்ஸ், தமிழிலேயே வேலை செய்யலாம். அக்காவிடம் கேட்டேன். "அதுவா, ஒரு தடவை தெரியாம அழுத்தி உள்ள போயிட்டேன். வைரஸ்னு நினைச்சு பயந்து ஆஃப் பண்ணிட்டேன்" என்றாள். அது என்ன, எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் கடைக்கார அண்ணன் ஒருவர் அதை அழித்து இடத்தைக் காலி செய்து கொடுத்தார். அதற்கும் கூலி வாங்கினார்!

50 லட்சத்துக்கும் மேல் லேப்டாப் கொடுத்த திட்டம் அது. உலகத்தில் எந்த லினக்ஸுக்கும் இப்படி ஒரு வாய்ப்பு சுலபத்தில் வாய்க்காது. அத்தனை வீட்டுக்குள் 'பாஸ்' போனது, கூடவே அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் போகவில்லை. விண்டோஸுக்கு வெளியே ஊருக்கு ஊர் அண்ணன்கள் காத்திருந்தார்கள். பிறகு எது ஜெயிக்கும்? 2013-ல் எக்ஸ்பி முடியப்போகிறது என்று அரசு அலுவலகங்களையும் 'பாஸ்' பக்கம் போகச் சொன்னது தமிழக அரசு. அலுவலகத்துக்குப் போகிறவர்கள் திரையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள், எத்தனை இடத்தில் இருக்கிறது என்று.

ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி 2003-ல் முடிவெடுத்து, பத்து வருடம் பாடுபட்டு சுமார் 15,000 மெஷின்களை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-ல் மறுபடி விண்டோஸுக்கே போக முடிவு செய்தது. இதை விண்டோஸ்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். எடுத்துக்காட்டட்டும். மாறுவதற்கும் செலவு, திரும்புவதற்கும் செலவு, இரண்டையும் கட்டியது அந்த ஊர் மக்கள் என்பதுதான் எனக்குத் தெரிகிற பாடம். மாறுவதென்றால் கடைசி வரை நின்று பார்க்க வேண்டும், பாதியில் விடுவதாக இருந்தால் தொடவே கூடாது.

காமர்ஸ்காரன் மாட்டியிருக்கும் இடம்

"இவ்வளவு பேசுறியே, நீ ஏன் விண்டோஸ் வச்சிருக்க?" என்று கேட்பீர்கள். டேலி! டேலி விண்டோஸில்தான் ஓடும். ஒரகடத்தில் எந்த ஆபீஸில் இன்டர்வியூ போனாலும் முதல் கேள்வி 'டேலி தெரியுமா?' லினக்ஸ் தெரியும் என்றால் டீ கூடக் கொடுக்க மாட்டார்கள்.

டேலி தனியார் கம்பெனி. அவர்கள் இஷ்டம். எனக்குக் கோபம் அரசாங்கத்தின் மேல்தான். வருமான வரித்துறை தரும் ஆஃப்லைன் யுட்டிலிட்டி விண்டோஸுக்கு மட்டும். இன்னொன்று மேக்ரோ வைத்த எக்செல் ஃபைல், மைக்ரோசாஃப்ட் எக்செல் இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். அதாவது அரசாங்கத்துக்கு வரி கட்டும் வேலையை ஆஃப்லைனில் செய்ய, முதலில் ஒரு தனியார் கம்பெனிக்குக் காசு கட்ட வேண்டும். இதைத்தான் வெளியேறும் செலவு என்கிறேன். ஓஎஸ்ஸின் விலையை மைக்ரோசாஃப்ட் மட்டும் ஏற்றவில்லை, நம் அரசாங்கமும் சேர்ந்து ஏற்றுகிறது.

முடியாத காரியமா என்றால் இல்லை. டிடிஎஸ் ரிட்டர்ன் தயாரிக்கும் மென்பொருள் ஜாவாவில் இருக்கிறது, ஜாவா ஓடும் இடத்தில் அதுவும் ஓடும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் பிரவுசரிலேயே போட்டுவிடலாம். ஒரு இடத்தில் முடிவது இன்னொரு இடத்தில் ஏன் முடியவில்லை? யாரும் கேட்பதில்லை, அதனால்தான்.

ஒரு சின்ன பட்ஜெட்

குறை மட்டும் சொன்னால் ஆகாது, கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். 2025 மார்ச் மாத பட்ஜெட்டில் தமிழக அரசு, இரண்டு வருடத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தது. முதல் வருடத்துக்கு ஒதுக்கீடு 2,000 கோடி. லேப்டாப் டெண்டரில் விண்டோஸ் 11, 'பாஸ்' இரண்டையும் கேட்டிருந்தார்கள். அதே பழைய படம், புது ஹீரோ.

ஒரு மெஷினுக்கு 100 ரூபாய் சப்போர்ட்டுக்கு என்று ஒதுக்குவோம். 20 லட்சம் பெருக்கல் 100, 20 கோடி. அந்த 2,000 கோடியில் ஒரு சதவீதம். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 1,80,000. 20 கோடியில் 1,111 பேரை ஒரு வருடம் வைக்கலாம். 38 மாவட்டத்துக்குப் பிரித்தால் மாவட்டத்துக்கு 29 பேர். புதிதாக ஆள் எடுக்க வேண்டாம் என்றால், நம்ம கடை அண்ணன்களையே கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்து, சரி செய்யும் மெஷினுக்கு இவ்வளவு என்று கொடுங்கள். அதற்குப் பிறகும் பையன்கள் 'பாஸ்'ஸை அழித்துவிட்டு விண்டோஸில்தான் இருப்பேன் என்றால், இருக்கட்டும். அது அவர்கள் தேர்வு. இப்போது நடப்பது தேர்வே இல்லை. ஒரு பக்கம் ஆள் இருக்கிறது, இன்னொரு பக்கம் ஆள் இல்லை.

பஸ்ஸில் சண்டை போட்ட இரண்டு பேருக்கும் கடைசியாக ஒன்று. அடுத்த தடவை ஃப்ரீ என்று சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் தேதி வரைக்கும் அப்டேட் வரும்? கெட்டுப்போனால் பைக்கில் போய்ச் சேரும் தூரத்தில் யார் இருக்கிறார்கள்? நாளைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தால் என் ஃபைலையும் என் வேலையையும் எடுத்துக்கொண்டு வெளியே வர எவ்வளவு ஆகும்? மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகு எந்த ஓஎஸ் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் அந்தப் பிரிண்டரை மூன்று நாள் போராடி லினக்ஸிலேயே வேலை செய்ய வைத்தேன். எப்படி என்று ஒரு தாளில் எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். மடித்துக் கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறார். இன்னும் யாரும் வந்து கேட்கவில்லையாம்.